‘இஃப்’ போட்டுப் பேசப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். வத்தலக்குண்டில் பஸ் மாறுவதற்குள் இதைப் படித்துவிடு. இந்த மலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே நரைத்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் டாக்ஸி ஓட்டுபவர்கள் உண்டு, வழிகாட்டிகள் உண்டு, உன்னைப்போல் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களும் உண்டு. பெயர்ச்சொல்லும் ஸ்பெல்லிங்கும் அவர்களைப் பெரிதாகப் படுத்தியதில்லை. ‘இஃப்’ வந்தால்தான் நாக்கு குழறும்.

இந்த ஊரில் அறுதியிட்டுச் சொல்லக்கூடிய சங்கதி ரொம்பக் குறைவு. மேகம் விலகினால் தூண்பாறை தெரியும். வனத்துறை அனுமதித்தால் பேரிஜம் ஏரிக்குப் போகலாம். மழையில் மண் சரிந்தால் மலைப்பாதையில் வண்டிகள் அப்படியே நிற்கும். நாள் முழுக்க நீ ‘ஆல்’ போட்டுத்தான் பேசப் போகிறாய். அதை நம்பித்தான் வந்தவர்கள் தங்கள் பொழுதையும் பணத்தையும் செலவழிப்பார்கள். அதனால் புத்தகத்தில் இருக்கும் விதிகளோடு, அதில் இல்லாத சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. நாளையா நேற்றா என்று பார்ப்பதற்கு முன், நீ எவ்வளவு நம்புகிறாய் என்று பார்.

பள்ளிக்கூடத்தில் ‘நான் முதலமைச்சரானால்’ என்று கட்டுரை எழுதியிருப்பாய். தேர்தலில் நிற்கும் தலைவரும் மேடையில் ‘நான் முதலமைச்சரானால்’ என்றுதான் முழங்குகிறார். சொல் ஒன்றுதான். ஆளைப் பார்த்து, இது பிள்ளையின் ஆசை, அது தலைவரின் வாக்குறுதி என்று நாமே பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அந்தச் சுமையைக் கேட்பவர் தலையில் வைப்பதில்லை, வினைச்சொல்லின் தலையில் வைத்துவிடுகிறது. தலைவர் ‘இஃப் ஐ பிகம் சீஃப் மினிஸ்டர், ஐ வில்’ என்று தொடங்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘இஃப் ஐ பிகேம் சீஃப் மினிஸ்டர், ஐ வுட்’ என்று எழுத வேண்டும். ‘பிகேம்’ இறந்தகாலம் ஆயிற்றே, நாளைக்கு நடப்பதற்கு அது எப்படி வரும் என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. அந்தப் ‘பிகேம்’ நேற்றைக் காட்ட வரவில்லை. பேசுகிறவர் தன் பேச்சிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார், இது நடக்கும் என்று அவரே நம்பவில்லை, அதைக் காட்டத்தான் வந்திருக்கிறது. ஆகவே ‘இஃப்’ என்று வாயெடுக்கும்போது, இது நடக்கக்கூடியது என்று நான் நினைக்கிறேனா என்று உன்னையே கேள். விடை உனக்குத் தெரிந்துவிட்டால் வினைச்சொல் தானாக வந்துவிடும். விடை தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சையில் தேறிவிடுவார்கள், மேசையில் தடுமாறுவார்கள்.

2. உன் தாய்மொழி உனக்குப் பகையில்லை.

‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ’ என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்து, தமிழ் புத்தி போகவில்லை என்று வாத்தியார்கள் திட்டுவார்கள். அநியாயமான பழி. மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘வந்தால்’, ‘போனால்’ எதிலிருந்து பிறந்தவை? வந்தான், போனான் என்பதில் இருக்கும் அதே இறந்தகால அடி. நாளைக்குப் பெய்யப்போகும் மழையையும் ‘பெய்தால்’ என்றுதான் சொல்கிறோம், ‘பெய்யும்’ என்பதை நிபந்தனையின் பக்கம் வைப்பதே இல்லை. எதிர்காலத்தை விளைவின் பக்கம் மட்டும் வைக்கும் பழக்கம் உனக்குப் பிறந்ததிலிருந்து உண்டு. ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே இன்சைட்’ என்பதும் அதே பழக்கம்தான். நாளை என்ற சொல்லைக் கண்டதும் ‘வில்’ போடு என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள் பார், கோளாறு அங்கே தொடங்கியது.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு. ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்பதில் வரும் ‘முளைத்தால்’ என்பதற்கும், ‘விதை முளைத்தால் தண்ணீர் விடு’ என்பதில் வரும் ‘முளைத்தால்’ என்பதற்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. விதைக்கு ‘ஸ்ப்ரவுட்ஸ்’, அத்தைக்கு ‘க்ரூ’. இந்த ஒரு வாசலில் மட்டும் நின்று யோசித்துவிட்டு உள்ளே போ.

3. ‘வில்’ என்று சொன்னால் அது வாக்கு.

தூண்பாறையில் நிற்கும்போது பார்த்திருப்பாய், நானூறு அடி உயரப் பாறைகள் கண்முன் நிற்கும், மறுநிமிடம் மேகம் ஏறி வெறும் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். அங்கே எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: ‘இஃப் யூ வெயிட் டென் மினிட்ஸ், இட் வில் கிளியர்.’ இலக்கணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒருநாள் வெளியூர்க் குடும்பம் ஒன்று அதை நம்பி, கைக்குழந்தையோடு மத்தியானம் வரை குளிரில் நின்றது. மேகம் விலகவில்லை. கோபப்பட்ட பெரியவரிடம் ஓட்டுநர், ‘நான் என்ன சார் பண்றது, மேகம் என் கையிலயா இருக்கு?’ என்றார். கையில் இல்லாததற்கு ஏன் ‘வில்’ போட்டாய் என்பதுதான் அந்தப் பெரியவரின் கேள்வி, அவர் அதை இலக்கணமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ‘இட் மே கிளியர்’ என்று ஒரு சிறு சொல்லை மாற்றியிருந்தால் அவர்கள் கோக்கர்ஸ் வாக்கிற்கோ பிரையன்ட் பூங்காவிற்கோ போய்விட்டு வந்திருப்பார்கள். ‘மே’, ‘மைட்’ இரண்டும் பயந்தவன் சொல் என்று நினைக்காதே. மலையில் அவைதான் யோக்கியன் சொல்.

4. எப்போதும் உண்மை என்று சொல்வதற்கு முன் உன் ஊரில் உண்மையா என்று பார்.

இரண்டு பக்கமும் நிகழ்காலம் வரும் வகை ஒன்று உண்டு. நிபந்தனை நிறைவேறும் போதெல்லாம் விளைவும் தவறாமல் நிகழும் என்ற பொது உண்மைக்கு அது. புத்தகங்கள் எல்லாம் ஒரே எடுத்துக்காட்டைக் கொடுக்கும்: ‘இஃப் யூ ஹீட் வாட்டர் டு 100 டிகிரீஸ், இட் பாய்ல்ஸ்.’ நானும் அதைக் கரும்பலகையில் எழுதினேன். மன்னவனூரிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை, ‘சார், நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே கொதிச்சிடுமே, சயின்ஸ் சார் சொன்னாரு’ என்றாள். அவள் சொன்னது சரி. கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதனால்தான் இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக அத்தனை நேரம் ஆகிறது. அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது வினைச்சொல்லின் காலத்தைவிடப் பெரியது.

இதே ஊரில் 1899-இல் சூரிய ஆய்வகம் ஒன்றை நிறுவினார்கள். அதற்கு முன் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியிருந்தது. மழை பொய்த்ததற்கும் சூரியனில் நடப்பதற்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம்தான் ஆய்வகம் அமைவதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். அதாவது, சூரியனில் கரும்புள்ளி குறைந்தால் மழை குறையுமா என்ற ஓர் ‘ஆல்’. அந்தக் கேள்விக்கு ‘இஃப் திஸ் ஹேப்பன்ஸ், தட் ஹேப்பன்ஸ்’ என்று அடித்துச் சொல்லும் எளிய விடை கிடைக்கவில்லை. அதற்குப் பதில், கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்துதான் கண்டார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. வானம் தெளிந்த நாளிலெல்லாம் சூரியனைப் படமெடுத்து, நூறு ஆண்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நிகழ்காலம் போட உரிமை வேண்டும் என்றால் அத்தனை பொறுமை வேண்டும். நேற்று ஒருமுறை நடந்ததைப் பார்த்துவிட்டு ‘இஃப் யூ ஈட் ஹியர், யூ ஃபால் சிக்’ என்று பக்கத்துக் கடையைப் பற்றிச் சொல்லிவிடாதே.

5. குறிஞ்சியை வைத்து மூன்றையும் படி.

குறிஞ்சி இந்த மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்த கணக்கு 2030. பூத்து விதைத்தபின் அந்தச் செடி மடிந்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் உன்னிடம் இதைத்தான் கேட்பார்கள். மூன்று விடை வைத்துக்கொள்.

வரப்போகிறவரிடம்: ‘இஃப் யூ கம் இன் 2030, யூ வில் சீ இட்.’

இல்லாத உலகத்தைக் கற்பனை செய்கிறவரிடம்: ‘இஃப் இட் ஃப்ளவர்ட் எவ்ரி இயர், நோபடி வுட் கம் டு சீ இட்.’

தவறவிட்டவரிடம்: ‘இஃப் யூ ஹேட் கம் இன் 2018, யூ வுட் ஹேவ் சீன் இட்.’

முதலாவதில் கதவு திறந்திருக்கிறது. இரண்டாவதில் கதவே கிடையாது, சுவரில் வரைந்த படம். மூன்றாவதில் கதவு இருந்தது, சாத்தியாகிவிட்டது. இதைத் தாண்டி அட்டவணை எதுவும் உனக்கு வேண்டாம்.

இதில் நடந்த ஒரு சங்கதி சொல்கிறேன். 2018-இல் என் பழைய மாணவன் ஒருவன், வயதான ஓர் அம்மையாரையும் அவர் மகனையும் பூத்த சரிவுக்கு அழைத்துப் போயிருந்தான். எல்லாம் நன்றாகப் போனது. திரும்பும்போது, ‘இஃப் யூ கேம் அகெய்ன் இன் 2030, யூ வுட் சீ இட் லைக் திஸ்’ என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மையார் பூவிலிருந்து கண்ணை எடுத்து அவனை ஒருமுறை பார்த்தார். மகன் சட்டென்று பேச்சை மாற்றி, தேன் என்ன விலை என்று கேட்டார். அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்து, ‘எங்கே சார் தப்பு?’ என்றான். இலக்கணப்படி தப்பு இல்லை. ஆனால் ‘கம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கேம்’ என்றதால், நீங்கள் வரமாட்டீர்கள் என்று அந்த முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிட்டது. ‘வென் யூ கம்’ என்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதற்கு அவர்தான் சிரித்துக்கொண்டு ‘இஃப்’ என்று திருத்தியிருப்பார். அப்படித் திருத்திக்கொள்ளும் உரிமை பெரியவர்களுடையது. நமக்குக் கிடையாது.

6. உன்னைப் பற்றி எழுதும்போது ‘வென்’ வேண்டாம்.

மற்றவர்க்கு ‘வென்’ தாராளமாகக் கொடு. வேலைக்கு விண்ணப்பிக்கையில் ‘வென் ஐ ஆம் செலக்டட்’ என்று எழுதினால், நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டவன் போல் இருக்கும். ‘இஃப் ஐ ஆம் செலக்டட்’ போதும். ‘இஃப் ஐ வில் பி செலக்டட்’ என்று எழுதி வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவது அறிவுரை இதைச் சரிசெய்துவிடும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

7. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை மரியாதையோடு சொல்.

‘ஐ வாஸ்’ என்று படித்த பிள்ளைக்கு ‘ஐ வேர்’ கூசும். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் காதில் விழும், அதைக் கேட்டுப் பதறாதே. ஆனால் நீ பேசும்போதும் எழுதும்போதும் ‘வேர்’ வைத்துக்கொள். நான் நீங்களாக ஒருநாளும் ஆகமுடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது, அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ‘யூ ஷுட் நாட் கோ டு பேரிஜம் டுடே’ என்றால் கட்டளை. ‘இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் கோ டுமாரோ மார்னிங்’ என்றால் யோசனை. விருந்தாளிக்கு யோசனை சொல்லலாம், கட்டளை இடக்கூடாது.

8. ‘இஃப் யூ ஹேட்’ என்பதை யார் மேலும் வீசாதே.

இதில்தான் நீ அதிகம் கவனமாக இருக்க வேண்டும், கண்ணு. மே மாதம், ஊர் முழுக்க அறை நிறைந்திருக்கும். மலையேறிக் களைத்து, வாந்தியெடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து அறை கேட்பார். அப்போது வாயில் முந்திக்கொண்டு வரும் வாக்கியம், ‘இஃப் யூ ஹேட் புக்ட் எர்லியர், யூ வுட் ஹேவ் காட் எ ரூம்.’ அரும்பாடுபட்டுப் படித்த வாக்கியம், ‘ஹேட்’ இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, ‘வுட் ஹேவ்’ தன் இடத்தில் இருக்கிறது. சொன்னால் அவருக்கு அறையும் கிடைக்காது, மனமும் நொந்து போகும். நடந்து முடிந்ததை மாற்ற முடியாது என்பதுதான் அந்த வினையின் பொருளே. பிறகு எதற்கு அதை அவர் கையில் கொடுக்கிறாய்? ‘இஃப் யூ கேன் வெயிட், ஐ வில் கால் டூ அதர் ப்ளேசஸ்’ என்று திறந்த கதவுக்கு அழைத்துப் போ.

அந்த வடிவத்தை எங்கே பயன்படுத்துவது என்றால், பிழை உன் பக்கம் இருக்கும்போது. ‘இஃப் ஐ ஹேட் சீன் யுவர் மெசேஜ், ஐ வுட் ஹேவ் கெப்ட் த ரூம் ஃபார் யூ.’ அப்போது அது மன்னிப்பாகிவிடும். வீட்டில் கணவன் மனைவி சண்டையைக் கவனித்துப் பார், ‘நீ அன்னைக்கே சொல்லியிருந்தா’ என்று தொடங்கும் பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.

இதில் காது செய்யும் குழப்பம் ஒன்று. வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசும்போது ‘ஐ ஹேட்’, ‘ஐ வுட்’ இரண்டும் ‘ஐட்’ என்றே கேட்கும். ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்’ என்றால் முதல் ‘ஐட்’ ஹேட், இரண்டாம் ‘ஐட்’ வுட். நம் பிள்ளைகள் இரண்டையும் ‘வுட்’ என்று எடுத்துக்கொண்டு ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘இஃப்’ இருக்கும் பக்கம் ‘ஹேட்’, விளைவின் பக்கம் ‘வுட்’ என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

9. ‘அன்லெஸ்’ ஏற்கெனவே ‘இல்லாவிட்டால்’ தான்.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்றானது. தொலைபேசியில் அதை விளக்கிய ஒரு பையன், ‘அன்லெஸ் யூ டோன்ட் ஹேவ் த இ-பாஸ், தே வில் ஸ்டாப் யூ’ என்றான். பாஸ் இருந்தால் நிறுத்துவார்கள் என்று பொருளாகிவிட்டது! கேட்டவர் நல்லவேளையாகத் தமிழர், சிரித்துக்கொண்டு பாஸ் எடுத்து வந்தார். ‘அன்லெஸ் யூ ஹேவ்’ என்பதோடு நிறுத்து. சந்தேகமாக இருந்தால் ‘இஃப் யூ டோன்ட் ஹேவ்’ என்று சொல்லிவிடு, அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

10. விதி தெரிந்தபின் விலக்கைக் கற்றுக்கொள், முன்னால் அல்ல.

‘இஃப்’ பக்கம் ‘வில்’ வராது என்றேன். ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் பிரிங் த கீ’ என்று உன் மேலாளர் சொல்லக் கேட்பாய். அவர் தப்பாகப் பேசவில்லை. அந்த ‘வில்’ நாளையைக் குறிக்கவில்லை, தயவுசெய்து இசைந்தால் என்கிறது. நாமும் ‘வந்தீங்கன்னா’ என்பதையும் ‘வருவீங்கன்னா’ என்பதையும் வேறு வேறாகத்தானே சொல்கிறோம்? அதேபோல் நேற்றைய நிபந்தனையையும் இன்றைய விளைவையும் முடிச்சுப் போடலாம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. ஆகவே வறண்ட நாளில், ‘இஃப் இட் ஹேட் ரெயின்ட் லாஸ்ட் வீக், த ஃபால்ஸ் வுட் பீ ஃபுல் நவ்’ என்பாய். முன்பாதி கழிந்த வாரம், பின்பாதி இந்த நிமிடம். உன் தாத்தா வைத்திருந்த ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணம் பரணில் இருக்கும், தூசி தட்டி எடுத்துக்கொண்டு போ. அதை எழுதிய ரென் அப்படியொன்றும் உம்மணாமூஞ்சி இல்லை, பாலைவனப் படைவீரர்களை வைத்து ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924-இல் எழுதியவரும் அவர்தான்.

11. யாரையும் திருத்தாதே.

இத்தனையும் படித்தபின் உனக்குக் காது கூர்மையாகிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன் இட் வாஸ் திஸ் கோல்ட்’ என்று உன் மேசை முன் நின்று புலம்புவார். எட்டாவது அறிவுரையில் நான் தப்பு என்று சொன்ன அதே வாக்கியம். அங்கே பேச்சில் அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. பக்கத்தில் வேலை செய்யும் பூம்பாறைப் பையனும் ‘இஃப் யூ வில்’ போட்டுத்தான் பேசுவான், எல்லார் முன்னாலும் அவனைத் திருத்தினால் அதோடு அவன் ஆங்கிலத்தில் வாய் திறப்பதை விட்டுவிடுவான். அவன் கேட்டால், டீ குடிக்கும்போது தனியாகச் சொல்லிக்கொடு. அந்த அம்மாளிடம் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்’ என்று சொல்லிவிட்டு, கூடுதலாக ஒரு கம்பளி கொடுத்தனுப்பு.